உட்கார்ந்து போடுகிற மிஷின்

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ்தான். கலெக்டர் இருக்கிற இடமும் ஆபீஸ், குச்சியில் மருந்து முக்குகிற இடமும் ஆபீஸ். பசுவந்தனை ரோட்டில் எங்கள் ஊரில் இருந்த ஆபீஸ், பிளாஸ்டிக் லைட்டர் வந்து யாவாரம் படுத்த பிறகு மூடிக் கிடந்தது. தகரத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே புறாக்கள் குடும்பம் நடத்தின. அதைத்தான் முத்துகிருஷ்ணன் வாடகைக்குப் பிடித்துப் பட்டறை ஆக்கினான்.

முத்துகிருஷ்ணன் கோவில்பட்டி டவுன்காரன். பெங்களூரில் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவன் என்பதால், அவனுக்கு ஏதோ கோளாறு என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். தகடு வெட்டுகிற கம்ப்யூட்டர் மிஷின், வெல்டிங் செட், டிரில்லிங் மிஷின் எல்லாம் கொண்டுவந்து இறக்கினான். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், கற்றுக்கொள்ளலாம், தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. அங்கே செய்கிற எந்தச் சாமானுக்கும் படம் வரைந்து நெட்டில் போட்டுவிட வேண்டும். அந்தப் படத்தை யாரும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றலாம். அப்படியானால் நமக்கு என்ன மிச்சம் என்று கேட்டவர்களிடம், நாம் பார்த்துச் செய்கிற படமும் எவனோ ஒருவன் சும்மா போட்டதுதானே என்றான். 

அந்தப் பட்டறைக்கு முதலில் போனவன் சண்முகராஜ். ஆபீஸ் ஓடின காலத்தில் பெட்டி மடிக்கிற மிஷினுக்கு மெக்கானிக்காக இருந்தவன். அவன் பெண்டாட்டி அமுதவள்ளி அதே ஆபீஸில் குச்சி அடுக்கினாள். ஆபீஸ் மூடிய பிறகு இரண்டு பேரும் மானாவாரிக் காட்டை நம்பி இருந்தார்கள். கரிசலை நம்பி இருப்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் மேகத்தைப் பார்க்க வேண்டும், கார்த்திகையில் பன்றியை விரட்ட வேண்டும், தையில் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

ரோட்டைப் பார்ப்பது கதிரடிக்க. குதிரைவாலிக் கதிரை அறுத்துக் கொண்டுபோய்த் தார் ரோட்டில் பரப்பினால், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித் தானியம் உதிரும். கூடவே கல்லும் மண்ணும் தாராளமாகச் சேரும். டிரைவர்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள். தானியக் கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இந்த லட்சணத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் கதிரடிக்கிற மிஷின் படம் ஒன்றை முத்துகிருஷ்ணன் தேடிப் பிடித்தான். ஆப்பிரிக்காவில் யாரோ வரைந்து போட்டது. உள்ளே பல் வைத்த உருளை, வெளியே மோட்டார். கதிரைத் தள்ளிவிட முழங்கை நீளத்துக்கு மேல் நீண்ட தகர வாய். இடுப்பு உயரக் கால்கள்.

சண்முகராஜ் செய்து முடித்தான். மிஷின் நன்றாகவே அடித்தது. அமுதவள்ளிதான் இரண்டாம் நாளே ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து தரையில் சம்மணம் போட்டுக் குச்சி அடுக்கினதில் அவள் முட்டு இரண்டும் போய்விட்டன. நின்று பார்க்கிற வேலை அவளுக்கு ஆகாது. அவளுக்கு மட்டுமில்லை, ஊரில் ஆபீஸுக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் ஆகாது.

"நிக்க வச்சே கொல்லுததுக்கா மிஷின் செஞ்சீங்க?" என்று கேட்டாள். "உக்காந்து போடுத மாதிரி செஞ்சு தாங்க."

அவன் காலை வெட்டினான். கால் குட்டையானதும் நீண்ட வாய் முகத்துக்கு நேரே இடித்தது. வாயையும் வெட்டினான். பெண்டாட்டியை மணைக்கட்டையில் உட்கார வைத்து, அவள் கை எட்டுகிற தூரம் பார்த்து, மறுபடியும் கொஞ்சம் வெட்டினான். ஒரு அறுவடை முழுக்க அமுதவள்ளியும், பக்கத்து வீட்டுப் பூங்கொடியும், தெருப் பெண்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே கதிர் போட்டார்கள். ஒருத்திக்கும் நகக்கீறல் கிடையாது. அந்தப் படத்தைத்தான் முத்துகிருஷ்ணன் நெட்டில் போட்டான். கீழே இங்கிலீஷில் சண்முகராஜ் என்று பெயர் இருந்தது. சண்முகராஜ் அந்தப் பெயரை டீக்கடையில் போனை நீட்டி நீட்டிக் காட்டினான். கட்டின பெண்டாட்டியின் முட்டுவலிக்காகச் செய்தது, அவன் பெருமைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை.

படம் பரவியது. எப்போதும்வென்றான் என்ற ஊரில் செய்தார்கள், புதூர்ப் பக்கம் செய்தார்கள். வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் வேலை வந்தது. கல் இல்லாத குதிரைவாலி என்று கோவில்பட்டி கடையில் தனியாக வாங்கினார்கள். புதூர் பக்கம் வன்னியபெருமாள் என்ற வெல்டிங் கடைக்காரர், அண்ணாச்சி உங்களால்தான் என் கடையில் லைட் எரிகிறது என்று போனில் சொன்னார். இரண்டு வருஷம் இப்படியே போனது.

மாசி பிறந்த சமயம். முற்பகல். சண்முகராஜும் அமுதவள்ளியும் கூழும் சீனியவரைக்காய் வத்தலுமாக உட்கார்ந்திருந்தபோது அதே வன்னியபெருமாள் கூப்பிட்டார். சண்முகராஜ் எச்சில் கையோடு போனைப் பேச்சு வெளியே கேட்கிற மாதிரி வைத்தான்.

"அண்ணாச்சி, நம்ம மிஷின்ல ஒரு பொம்பளைக்குக் கை போயிட்டு."

எந்த மிஷின் என்று சண்முகராஜ் கேட்டான். கேட்கத் தேவையில்லாத கேள்வி.

"உக்காந்து போடுததுதான். சொர்ணத்தாய்னு பேரு. வலது கை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில மணிக்கட்டுக்கு மேல எடுத்துட்டாங்க."  பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "நான் ஒரு நூல் பிசகல அண்ணாச்சி. படத்துல இருந்தபடிதான் செஞ்சேன். வேணும்னா வந்து அளந்து பாருங்க."

அந்த வார்த்தைதான் சண்முகராஜைச் சாய்த்தது. தகட்டில் களவு செய்திருந்தால், அளவில் ஏமாற்றியிருந்தால், நாலு கெட்ட வார்த்தை சொல்லி ஆறியிருக்கலாம். வன்னியபெருமாள் அளவுநாடாவை வைத்துப் பிடித்துப் போட்டோக்கள் அனுப்பினார். ஒரு நூல் பிசகவில்லை. அந்தப் பெண்ணின் கையை வாங்கினது தன் படம்தான் என்று சண்முகராஜுக்குத் தெரிந்துபோனது. கூழ்ச் சட்டியை அமுதவள்ளி அப்படியே எடுத்து மூடி வைத்தாள்.

அதன் பிறகு அவன் பட்டறைக்குப் போகவில்லை. காட்டுக்கும் போகவில்லை. அறுத்த கதிர் களத்தில் அம்பாரமாகக் கிடக்க, கட்டிலைப் பார்த்துக்கொண்டு நாற்காலியிலும், நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கட்டிலிலும் உட்கார்ந்திருந்தான். முத்துகிருஷ்ணன் வந்தான். படத்தை நெட்டிலிருந்து உடனே எடுத்துவிடு என்று சண்முகராஜ் சொன்னான். எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் கையில் அது இருக்கும், யார் யார் இறக்கினார்கள் என்பது நமக்கே தெரியாது என்றான் அவன். பிறகு தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான்.

"நம்ம மேல கேஸ் எதுவும் வராது அண்ணாச்சி. படத்துக்குக் கீழயே போட்டிருக்கு, செய்யுதவங்க அவங்கவங்க பொறுப்புன்னு."

 அடுக்களை வாசலில் நின்ற அமுதவள்ளிதான் கேட்டாள். "அது இங்கிலீஷ்லல்லா கெடக்கு தம்பி. அந்தப் பிள்ளைக்கு யாரு வாசிச்சுக் காட்டுனா?"

முத்துகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை அவன். அவனும் சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது முகத்தில் தெரிந்தது.

புதூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அமுதவள்ளி தினமும் சொன்னாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று சண்முகராஜ் தினமும் கேட்டான். போகாவிட்டால் இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்து மக்கிப் போவான் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆபீஸ் மூடினபோது இப்படி உட்கார்ந்து எழுந்திருக்காமலே போன ஆண்களை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது.

காரணம் எது என்று கண்டுபிடித்தது அவள்தான். சொர்ணத்தாயின் ஊரில் மிஷின் இறக்கின அன்று எடுத்த வீடியோ ஒன்று சண்முகராஜின் போனில் இருந்தது. வன்னியபெருமாள் அப்போது சந்தோஷமாக அனுப்பியது. மிஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள், சந்தனம் பூசியிருந்தார்கள். முதல் கதிரைப் போட்டவள் சொர்ணத்தாய். சேலைக்கு மேலே புருஷனுடைய நீல நிற முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்தாள். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான், வெயிலுக்கும் சுணைக்கும் அதுதான் காபந்து. புருஷன் ஆள் பெரியவன் போலிருக்கிறது. சட்டைக்கை விரல் நுனிவரை தொங்கியது. கதிரைத் தள்ளும்போதெல்லாம் அந்தத் துணி மிஷின் வாய்க்குள் போய்ப் போய் வந்தது.

அமுதவள்ளி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "இந்தப் பிள்ள கையில டியூப் இல்ல."

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் மருந்துத் தூசி சட்டைக்கை வழியாக உள்ளே போனால் தோல் வெந்து அரிக்கும். அதற்காக எங்கள் ஊர்ப் பெண்கள் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, சட்டைக்கையின் மேல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஆபீஸ் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. களை வெட்டப் போனாலும், பருத்தி எடுக்கப் போனாலும், சட்டையை மாட்டினதும் கை தானாக டியூபைத் தேடும். மிஷினில் உட்கார்ந்து பார்த்த பெண்கள் அத்தனை பேர் கையிலும் அது இருந்தது. படத்தோடு நெட்டில் போட்ட போட்டோவில்கூட அமுதவள்ளியின் மணிக்கட்டில் கறுப்பாகத் தெரிகிறது. பார்த்தவர்கள் ரப்பர் வளையல் என்று நினைத்திருப்பார்கள். புதூர்ப் பக்கத்தில் ஆபீஸ் கிடையாது. ஆடும் காடும்தான். அங்கே காற்று உள்ளே போகட்டும் என்று சட்டைக்கையைத் தளரத்தான் விடுவார்கள்.

சண்முகராஜ் அந்தப் படத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் வரைந்திருந்தான். எந்த வாஷர், எந்தக் கனத்துத் தகடு, எல்லாம் இருந்தது. பெண்டாட்டி தினமும் கண் முன்னால் மாட்டிக் கழற்றுகிற வளையத்தை மட்டும் வரையவில்லை. வீட்டில் எப்போதும் இருப்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. நீண்ட வாய் இருந்திருந்தால் துணி உருளைவரை எட்டியிருக்காது, தளர்ந்த சட்டைக்கையையும் காப்பாற்றியிருக்கும். அதை அவன் வெட்டிவிட்டான். 

அமுதவள்ளி தன் குரலிலேயே ஒரு சேதி பேசி, தெரிந்த ஊர்களுக்கெல்லாம் முத்துகிருஷ்ணனை அனுப்பச் சொன்னாள். மிஷினை நிறுத்துங்கள், புது வாய் செய்து தருகிறவரை யாரும் உட்காராதீர்கள், முடியாது என்றால் சட்டைக்கையை இறுக்கிக் கட்டாமல் கிட்டேயே போகாதீர்கள் என்று சொன்னாள். பதில்கள் வந்தன. எப்போதும்வென்றானில் கதிர் களத்தில் கிடக்கிறது, மேகம் வேறு கூடுகிறது, இப்போது எப்படி நிறுத்துவது என்று கேட்டார்கள். இன்னொரு ஊரில் மிஷினுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கித் திருஷ்டி கழித்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்றார்கள். சில ஊர்களிலிருந்து பதிலே இல்லை.

சண்முகராஜ் தன் வீட்டு மிஷினுக்கே முதலில் நீண்ட வாயைத் திரும்பப் பொருத்தினான். அத்தனை நாளுக்குப் பிறகு அவன் கருவியைத் தொட்டது அன்றுதான். நீண்ட வாய் என்றால் நின்றுதான் போட வேண்டும். பெண்கள் அரை நாள் நின்றார்கள். பிறகு பூங்கொடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிற்கச் சொன்னால் நாங்கள் ரோட்டிலேயே போட்டுக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மறுநாள் பசுவந்தனை ரோட்டில் பழையபடி கதிர் பரந்து கிடந்தது. பஸ்காரன் பழையபடி ஏசிக்கொண்டு போனான். முத்துகிருஷ்ணன் பட்டறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பங்குனியில்தான் ஒருவழியாகப் புதூருக்குப் புறப்பட்டார்கள். முந்தின நாள் சண்முகராஜ் சைக்கிள் கடையில் பழைய டியூப்களை வாங்கிவந்து, உட்கார்ந்து வளையமாக வெட்டிப் பை நிறையப் போட்டான். அந்த வட்டாரத்தில் மற்ற மிஷின்களில் உட்காருகிற பெண்களுக்குக் கொடுப்பதற்கு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று அமுதவள்ளி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடியும், பிள்ளைகளுக்கு என்று கடலை மிட்டாயும் வாங்கினாள். துக்கத்துக்கு இனிப்பு வாங்கிப் போகலாமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டிப் புதூரில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வன்னியபெருமாள் வந்து கூட்டிப்போனார். 

சொர்ணத்தாய்க்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். புருஷன் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கப் போனவன், ஆஸ்பத்திரியில் கூட இருந்துவிட்டுத் திரும்பப் போய்விட்டான். போகாமல் எப்படி முடியும். இரண்டு பெண் பிள்ளைகள், நாலைந்து ஆடுகள். வந்தவர்கள் யார் என்று வன்னியபெருமாள் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏசுவாள் என்று சண்முகராஜ் எதிர்பார்த்தான். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தாள். கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை இடது கையால் வாங்கி, பல்லால் கிழித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள்.

சண்முகராஜ் பேச ஆரம்பித்தான். "வாய வெட்டுனது நான்தான் தாயி," என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அழுதான். ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் மிட்டாயைக் கடிக்காமல் நின்றன.

"அழாதீங்க அண்ணாச்சி," என்றாள் சொர்ணத்தாய். "நீங்க வருவீங்கன்னு வன்னியபெருமாள் அண்ணாச்சி சொன்னதுல இருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

வீட்டுக்குப் பக்கவாட்டில், உடைமர நிழலில், யூரியாச் சாக்கு போர்த்தி மிஷின் நின்றது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் யாரும் அதைத் தொடவில்லையாம். அவள் சாக்கை இழுத்துப் போட்டாள். உருளையைக் கழுவி வைத்திருந்தார்கள். கொடியில் கிடந்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, எப்படியோ உடம்பை வளைத்து மாட்டிக்கொண்டு, மணைக்கட்டையில் உட்கார்ந்து காட்டினாள். வலது சட்டைக்கையின் நுனி காலியாக ஆடியது.

"இந்த வாய இடது கைப் பக்கமா மாத்தித் தர முடியுமா அண்ணாச்சி?"

சண்முகராஜுக்கு முதலில் புரியவில்லை. மிஷினையே எடுத்துப் போய்விடலாம் என்றுதான் வந்தேன் என்று சொன்னான்.

"எடுத்துட்டுப் போயிட்டா நான் என்ன செய்ய?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபமே இல்லை. "களை வெட்ட ஒத்தக்கை பத்தாது. பருத்தி எடுக்க, மடியப் பிடிக்க ஒரு கை வேணும். நூறு நாள் வேலைக்குப் போனா மம்பட்டியத் தருவாக. எல்லாத்தயும் ரோசிச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. இதுல உக்காந்து போடுததுக்கு மட்டுந்தான் ஒரு கை போதும்."

வன்னியபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சண்முகராஜ் சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தான். அவள் இடது தோளிலிருந்து விரல் நுனிவரை பிடித்தான். சரிபார்க்க மறுபடியும் ஒரு தடவை பிடித்தான். நீண்ட வாய்தான் வைக்க வேண்டும், மிஷினைப் பள்ளத்தில் இறக்கினால் உட்கார்ந்தபடியே போட முடியுமா என்று வன்னியபெருமாளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். முடியலாம், செய்து பார்க்க வேண்டும் என்றார் அவர்.

அமுதவள்ளி பையைத் திறந்து ஒரு வளையத்தை எடுத்தாள். சொர்ணத்தாயின் இடது சட்டைக்கையை நீவி மடித்து, விரல்கள் வழியாக வளையத்தை ஏற்றி, மணிக்கட்டில் விட்டாள். சட்டைக்கை கையோடு ஒட்டி நின்றது. எங்கள் ஊரில் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம், நீயும் இது இல்லாமல் உட்காராதே என்றாள்.

சொர்ணத்தாய் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிஷினின் வாயைப் பார்த்தாள். கறுப்பாக ஒரு துண்டு ரப்பர், சைக்கிள் கடையில் குப்பையில் கிடப்பது.

"இம்புட்டுதானாக்கா?" என்றாள்.

 தனியாக மாட்டிக் கழற்ற வருமா என்று வளையத்தைக் கழற்றப் பார்த்தாள். வலது கை தன்னையறியாமல் காலிச் சட்டைக்கையோடு எழும்பி வந்து, அப்படியே நின்றது. குனிந்து பல்லால் இழுத்தாள். ரப்பர் நீண்டு, திரும்ப மணிக்கட்டிலேயே போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கழற்றிவிடச் சொல்லிக் கையை அமுதவள்ளியிடம் நீட்டினாள்.